கோழி அடையும் நேரமும் உத்தியோக நேரமும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில், கொஞ்சம் மண் இருக்குமானால், ஒரு கறிவேப்பிலைச் செடியைக் காணலாம். சைவ உணவினர் நீங்கலாக மற்றையோர் வீடுகளில் பின்கட்டில் நாலைந்து கோழிகளையும் காணலாம். செடி தானே வளரும். கோழி அப்படியன்று. பகலில் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்; இரவில் நாம்தான் பார்த்தாக வேண்டும். ஆனால் இரவென்பது நம் போன்ற முறைவேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நேரமன்று. இவ்விரண்டையும் பொருத்துவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு முறை தவறி, அதனால் கற்றுக்கொண்டவன் என்ற அளவிலேயே இதை எழுதத் துணிகிறேன்.

நாங்கள் இருப்பது மேற்கு வங்காளத்தின் செம்மண் பகுதியில், ரயில்வே குடியிருப்பு ஒன்றில். என் தந்தையார் காலமான பின் தாயார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். வரும்போது அவர்கள் கொண்டுவந்த சாமான்களுள் ஒன்று, மூங்கிலால் முடைந்த ஒரு பஞ்சாரம். "கோழி இல்லாத வீட்டுக்குப் பஞ்சாரம் எதற்கம்மா?" என்று கேட்டேன். "பஞ்சாரம் இருந்தால் கோழி வரும்" என்றார்கள். அவ்வாறே வந்தது. ஓராண்டிற்குள் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் ஆயின. வங்காள மொழியில் ஒரு சொல்லும் அறியாத என் தாயார், முட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வேலியோரம் நிற்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பப்பாளிக்காயோடு வருவார். அந்த அம்மாள் என் தாயாரை 'மாஷிமா' என்று அழைக்கத் தொடங்கியது கோழிகள் வந்த பிறகுதான்.

அது ஒரு டிசம்பர் மாதம். தாயாருக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. எனக்குப் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை வேலை. என் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நம் சங்கத்தின் தமிழ் வகுப்புக்குச் சென்றிருந்தாள். ஏழு மணிக்குத் திரும்பியவள், பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கொண்டு மாமியார் கூட்டைச் சாத்தியிருப்பார் என்று எண்ணினாள். மருமகள் வந்ததும் சாத்தியிருப்பாள் என்று தாயார் எண்ணினார்கள். பத்தரை மணிக்கு வந்த நானோ, இருவர் வீட்டில் இருக்க இது என் கவலையன்று என்று எண்ணினேன். கூட்டின் கதவு ஒருக்களித்திருந்தது, கொண்டி மாட்டப்படவில்லை. கால் கழுவப் பின்கட்டுக்குச் சென்றபோது நான் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பின்கதவு திறந்திருந்த அந்தச் சிறுபொழுதில், கட்டிலில் படுத்திருந்த தாயார், "யார் வீட்டிலே இந்நேரத்தில் சீரகச் சம்பா வேகிறது?" என்று கேட்டார்கள். ஊர் நினைவு போலும் என்று எண்ணி, "தூங்குங்கள், அம்மா" என்று சொல்லிக் கதவை அடைத்தேன். குளிருக்காக ஜன்னல்களும் அடைத்திருந்தன. சரக்கு வண்டிகளின் ஓசையில் வேறொன்றும் எங்கள் காதில் விழவில்லை.

விடியற்காலையில் சேவல் கூவவில்லை. கூட்டிற்குள் ஐந்து கோழிகள் கழுத்துக் கடியுண்டு கிடந்தன; சேவலைக் காணவேயில்லை. ஒன்பதில் மூன்றே மிஞ்சின. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "பாம்" என்றார். நான் பாம்பு என்று எண்ணித் துணுக்குற்றேன். அவர் சொன்னது மரநாயை. வங்காளத்தில் அதற்குக் 'கந்தகோகுல்' என்றும் ஒரு பெயருண்டு. அதன் உடலிலிருந்து வாசனை அரிசி வேகுவது போன்ற மணம் வரும் என்பது இங்குள்ளோர் யாவரும் அறிந்த செய்தி. என் தாயாரின் மூக்கு பொய் சொல்லவில்லை; என் செவிதான் கேட்கவில்லை.

தாயார் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அன்று மாலை பஞ்சாரத்தைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றிவிடச் சொன்னார்கள். அதன்பின் பல நாள் பின்கட்டுப் பக்கமே போகவில்லை. ஆறு கோழிகள் போனதைவிட இதுவே என்னை வருத்திற்று. அதனால்தான் கூட்டை மீண்டும் கட்ட முனைந்தேன். கட்டுவதற்கு முன் எங்கே தவறினோம் என்று ஆராயத் தொடங்கினேன்.

முதலில் கோழியின் இயல்பை அறிய வேண்டும். பகல் வெளிச்சத்தில் கோழியின் கண் மிகக் கூரியது. நிறங்களை நம்மைக் காட்டிலும் நுட்பமாகப் பிரித்தறியும். இருள் சூழ்ந்தாலோ அதற்கு ஏறத்தாழக் கண் தெரியாது. இரவில் கூட்டுக்குள் கை விட்டால், ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அது அசையாது நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி, அந்தி நேரத்தில் மரக்கிளையில் ஏறி அடைவதன் காரணமும் இதுவே. உயரம்தான் அதன் பாதுகாப்பு. ஆகையால் நம் கோழியும் பொழுது சாயும்போது, எவர் சொல்லாமலும், தான் பழகிய இடத்துக்கு வந்து உயரத்தில் ஏறிக்கொள்கிறது. இவ்வியல்பு நமக்குப் பெரிய உதவி. கோழிகளைத் துரத்திப் பிடித்து அடைக்க வேண்டியதில்லை; அவை தாமே வந்து அடைந்த பின் கதவை மூடினால் போதும். எஞ்சியிருப்பது ஒரே ஒரு வினாதான்: அவை அடைந்ததற்கும் நாம் மூடுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது?

இங்கேதான் வெளிமாநிலத்துத் தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் கதிரவன் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறே முக்கால் மணிக்கும் இடையிலேயே மறைகிறான். 'விளக்கு வைக்கும் நேரம்' என்றால் ஏறக்குறைய ஒரே நேரம். நாமோ நாட்டின் நாலா பக்கமும் சிதறியிருக்கிறோம். கடிகாரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு கணித்த இந்திய நேரத்தையே குவாஹாத்தியும் மும்பையும் பின்பற்றுகின்றன. அதனால் கொல்கத்தாவில் டிசம்பர் தொடக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைகிறான்; குவாஹாத்தியில் நாலரை மணியளவிலேயே. மும்பையிலோ ஜூன், ஜூலை மாதங்களில் ஏழே கால் மணி வரைகூட வெளிச்சம் உண்டு. எங்கள் ஊரில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒன்றரை மணி நேர வேறுபாடு. கோழி பார்ப்பது வானத்தை. நாம் பார்ப்பது கைக்கடிகாரத்தை. ஜூன் மாதத்தில் ஆறரை மணிக்குக் கூட்டை மூடிப் பழகிய வீடு, டிசம்பரிலும் அதே ஆறரைக்கு மூடினால், கோழிகள் ஒன்றரை மணி நேரம் இருளில் திறந்த கதவோடு காத்திருக்கின்றன. திருடனுக்கு அது போதாதா?

ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டியில் மாதத்துக்கு ஒரு முறை, கதிரவன் மறையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். பஞ்சாங்கத்திலும் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் அது கிடைக்கும். ஊருக்குரிய நேரத்தையே பார்க்க வேண்டும். சென்னைப் பஞ்சாங்கத்தின் நேரம் இங்கு உதவாது. மறைந்து அரை மணிக்குள் கூடு மூடப்பட வேண்டும் என்பதே விதி.

இனிப் பகைவர் யாவர் எனக் காண்போம். மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் உலவுவன. மரநாய் கூரைமேலும் மரத்தின்மேலும் ஏற வல்லது. கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் நுழையும். கூட்டிற்குள் அகப்பட்டால் ஒன்றோடு நில்லாமல் பலவற்றைக் கடித்துப் போட்டுவிட்டுப் போவதுண்டு. காட்டுப்பூனையும் நரியும் பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும்; வழியெங்கும் இறகு சிந்தியிருக்கும். தெருநாய் தின்பதற்காக மட்டுமன்றி விளையாட்டாகவும் கொல்லும். மெல்லிய வலையைக் கிழிக்கவும், கீழே மண்ணைத் தோண்டவும் செய்யும். பெருச்சாளி முட்டையையும் குஞ்சையும் கொண்டுபோகும். சுற்றிலும் வளை காணப்படும். எந்தச் சுவடுமின்றி முட்டையோ குஞ்சோ மறைந்தால் பாம்பின்மீது ஐயம் கொள்ளலாம். கீரி பகலில் வேட்டையாடுவது. இரவில் கூட்டை மூடிவிட்டு விடியுமுன் திறப்பவர்கள் மரநாய்க்கும், பகலில் குஞ்சுகளைக் காவலின்றி விடுபவர்கள் கீரிக்கும் விருந்து வைப்பவராவர்.

கோபத்தில் நஞ்சு வைக்கலாமா, பொறி வைத்துக் கொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. மரநாயும் கீரியும் நரியும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் பிராணிகள். சட்டம் ஒருபுறம் இருக்க, நஞ்சு யார் வாயில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு நாயாகவோ, விளையாடும் குழந்தையாகவோ இருக்கலாம். மேலும் இப்பிராணிகள் எலிகளைத் தின்று நமக்கு நன்மையும் செய்கின்றன. ஒரு மரநாயை ஒழித்தால் அவ்விடத்துக்கு இன்னொன்று வரும். ஓட்டையை அடைத்தால் ஒன்றும் வராது.

இனிக் கூட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். அரசுக் குடியிருப்பில் நாம் நினைத்தபடி நிரந்தரக் கட்டடம் எழுப்பலாகாது. மாற்றல் உத்தரவு வந்தால் எடுத்துச் செல்லவும் வேண்டும். ஆகையால் திருகாணிகளைக் கழற்றினால் பலகை பலகையாகப் பிரியும் மரக்கூடு ஒன்றைத் தச்சரைக் கொண்டு செய்வித்தேன். நீளம் 6 அடி, அகலம் 3 அடி. ஒன்பது கோழிகளுக்கு ஆளுக்கு இரண்டு சதுர அடி வீதம் பதினெட்டுச் சதுர அடி. இரவு அடைவதற்கு இது போதும். தரையும் பலகையே, அது செங்கல் கால்களின்மீது நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. இதனால் தோண்டும் பிராணிக்கு வேலையில்லை. மழைநீர் உள்ளே வராது. அடியில் எலி வளை வைத்தாலும் உடனே கண்ணில் படும். உள்ளே 6 அடி நீளத்துக்கு, முனை மழுக்கிய 2 அங்குலச் சட்டம் ஒன்று குறுக்கே உண்டு. ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்று கணக்கிட்டால் ஒன்பதுக்கும் சரியாக இருக்கும். சட்டத்தை முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிடில் எல்லாம் பெட்டியின்மேல் ஏறி அடைந்து அதை அசுத்தமாக்கும்.

கம்பிவலையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் 'கோழிவலை' என்று அறுகோணக் கண்களோடு விற்பது, கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்றது; நாயை வெளியே நிறுத்துவதற்கு ஏற்றதன்று. அதன் மெல்லிய கம்பி நாய்க்கடிக்குத் தாங்காது. அதன் கண்களில் பாம்பும் எலியும் நுழையும். அரை அங்குலக் கண்ணுடைய, கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட வெல்டு மெஷ் வலையை வாங்குங்கள். அதை உட்புறமாக வைத்து ஆணி அடிக்காமல், வெளிப்புறமாக வைத்து, மேலே மரச்சட்டம் பொருத்தித் திருகாணியால் இறுக்குங்கள். இழுத்தாலும் தள்ளினாலும் பெயராது.

காற்றோட்டத்தை மறக்கலாகாது. பகைவருக்கு அஞ்சிக் கூட்டைப் பெட்டி போல் அடைத்துவிட்டால், எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். கூரையின்கீழ் இருபுறமும் ஆறு அங்குல அகலத்துக்குத் திறந்து விட்டு, அதை அதே வலையால் மூடியிருக்கிறேன். மரநாய் முன்பு பார்த்துவைத்த வழி அதுதான். தரையில் உமியோ மரத்தூளோ மூன்று அங்குலம் பரப்பி, ஈரமானதை அவ்வப்போது அள்ளிவிட்டால் நாற்றமும் இராது.

கதவுக்கு வெறும் கொக்கி போதாது. மூக்கால் நிமிண்டினாலும் நகத்தால் இழுத்தாலும் திறந்துகொள்ளும் தாழ்ப்பாள், தாழ்ப்பாள் ஆகாது. கொண்டியை நாதாங்கியில் மாட்டி, அதன் துளையில் ஓர் ஆணியைச் செருகி, அந்த ஆணியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டு செய்கை செய்தால் மட்டுமே கதவு திறக்கும். மனிதக் கைக்கு இது எளிது, பிராணிக்கு இயலாது.

வேலைக்காரர்களுக்கு இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் கூட்டோடு இணைந்த அடைப்பு முற்றம். எங்களுடையது 10 அடி நீளம், 6 அடி அகலம். நான்கு பக்கமும் மேலேயும் அதே வலை. அடியில் வலையை வெளிப்புறமாக ஓர் அடி மடித்துத் தரையில் படுக்கவைத்து, மண்ணிட்டு மூடி, மேலே செங்கல் அடுக்கியிருக்கிறது. தோண்ட வரும் பிராணி வேலியின் ஓரத்திலேயே தோண்டும். அங்கே கம்பி இருப்பதை அறிந்து விலகிப் போகும். கோழிகள் வெளியே மேய்ந்து வந்து, நான்கு மணியளவில் இம்முற்றத்துக்குள் நுழைந்ததும் வெளிக்கதவு மூடப்படும். அதன்பின் உட்கூட்டின் கதவை மூட ஒரு மணி தாமதித்தாலும் பெரிய கேடு நேராது. ஒரு காவலுக்குப் பின் இன்னொரு காவல். ஒரு மனிதன் மறந்தாலும் மற்றொரு கம்பி நினைவில் வைத்திருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு வேலைக்குப் புறப்படும் நாளில், இருட்டிலேயே கூட்டைத் திறந்துவிடும் ஆசையும் இதனால் தணிந்தது. உட்கதவைத் திறந்துவிட்டுப் போகலாம். வெளிக்கதவை விடிந்த பின் வீட்டார் திறப்பார்கள்.

நான்கு மணிக்குக் கோழிகள் எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். வயிறுதான் வழிகாட்டி. காலையில் குறைவாகத் தீனி கொடுத்து, மாலையில் ஒரு பிடி குருணையை முற்றத்துக்குள் இறையுங்கள். இறைக்கும்போது எப்போதும் ஒரே தகர டப்பாவைத் தட்டுங்கள். சில நாட்களில் டப்பாச் சத்தம் கேட்டவுடன் எங்கிருந்தாலும் ஓடிவரும். புதிதாக வாங்கிய கோழியை ஒரு வாரம் கூட்டிலும் முற்றத்திலும் மட்டுமே வைத்திருந்து பிறகு வெளியே விட்டால், அந்த இடமே தன் வீடு என்று அதற்குப் பதிந்துவிடும். சிந்திய தீனியை இரவில் விட்டுவைக்காதீர்கள். தீனி எலியை அழைக்கும்; எலி பாம்பை அழைக்கும். வங்காளத்திலும் ஒடிசாவிலும் கட்டுவிரியன் இரவில் உலவும் பாம்பு. அதற்கு இரை கோழியன்று என்றாலும், இருட்டில் வெறுங்காலோடு கூட்டை மூடப் போகும் மனிதனுக்கு அது எமன். கை விளக்கும் செருப்பும் இல்லாமல் எவரும் போகலாகாது என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இப்போது தானே திறந்து மூடும் சிறு கதவுகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. சில குறித்த நேரத்துக்கு இயங்கும். சில வெளிச்சம் குறைந்ததை உணர்ந்து இறங்கும். பணம் செலவிட முடிந்தவர்கள் வாங்கலாம். வெளிச்சத்தை உணர்வதே நம் கிழக்குப் பகுதிக்கு ஏற்றது. குறித்த நேரத்துக்கு இயங்குவதானால், மாதந்தோறும் நேரத்தை மாற்ற வேண்டும். மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும்படி மின்கலம் இருக்க வேண்டும். ஆனால் பொறிக்கு எண்ணத் தெரியாது. எட்டு வந்ததா, ஒன்பது வந்ததா என்று அது பார்ப்பதில்லை. தாமதமாக வந்த ஒன்றை வெளியே நிறுத்திவிட்டுக் கதவை இறக்கிவிடும். உள்ளே ஒரு பெருச்சாளி இருந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். ஆதலால் பொறி வைத்தவரும் ஒரு முறை சென்று விளக்கடித்து எண்ணித்தான் தீர வேண்டும்.

எண்ணுவது யார்? எங்கள் வீட்டில் நடந்த கேட்டுக்கு மரநாய் பாதிக் காரணம். மற்றப் பாதி, மூவர் இருந்தும் ஒருவர்மீதும் பொறுப்பு இல்லாதது. ரயில் பாதையில் ஒருவர் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது கையெழுத்து உண்டு. 'அவர் பார்த்திருப்பார்' என்று அங்கே எவரும் எண்ண முடியாது. அம்முறையையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சமையலறைக் கதவின் பின்னே ஒரு கற்பலகை தொங்குகிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்கும். மூடியவர் எத்தனை கோழி என்ற எண்ணை எழுத வேண்டும். எண் எழுதப்படாவிட்டால் கூடு மூடப்படவில்லை என்றே பொருள். எத்தனை மணிக்கு வந்தவரும் சென்று பார்க்க வேண்டும். எல்லோரும் வெளியே போகும் நாளில் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, விளக்கும் டப்பாவும் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிட்டுப் போவோம். அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய துளசிக்கு நாங்கள் நீர் ஊற்றுகிறோம்.

கூட்டுக்குள்ளேயே மறைந்திருக்கும் பகைவரையும் சொல்லிவிட வேண்டும். செந்நிறப் பேன்பூச்சியும், கோழி உண்ணியும் பகலில் மரச்சந்துகளில் ஒளிந்திருந்து இரவில் வெளிவந்து இரத்தம் உறிஞ்சுகின்றன. காரணமின்றிக் கோழி மெலிந்தாலோ, கொண்டை வெளுத்தாலோ, மாலையில் கூட்டுக்குள் போக மறுத்தாலோ, இரவில் விளக்கோடு சென்று சட்டத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். சட்டத்தைக் கழற்றக்கூடியதாக அமைத்து, மாதம் ஒரு முறை வெயிலில் காயவைத்து, சந்துகளைக் கொதிநீரால் கழுவுவது நலம். மருந்து தெளிப்பதானால் கால்நடை மருத்துவரைக் கேட்டே தெளிக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் வந்தால், நல்ல கூடும் காப்பாற்றாது. குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தை ஒட்டி ஊசியும் போடுவது வழக்கம். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளுங்கள். பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக 2006ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கண்டறியப்பட்டது. 2008இல் மேற்கு வங்காளத்தில் பெரிதாகப் பரவிற்று. ஆகவே ஒரே நாளில் பல கோழிகள் காயமின்றி இறந்து கிடந்தால், அதை மரநாயின் செயலென்று எண்ணிப் புதைத்துவிடாதீர்கள், சமைக்கவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

இவ்வளவும் படித்தபின், "கடையில் முட்டை வாங்குவது எளிதாயிற்றே" என்று சிலர் நினைக்கலாம். நியாயமே. எவரும் மாலையில் வீட்டில் இல்லாத குடும்பமும், பின்கட்டு இல்லாத மாடிவீடும் கோழி வளர்க்காதிருப்பதே நலம். காக்க முடியாத உயிரைக் கொண்டுவந்து வைப்பது முறையன்று. வளர்ப்பதென்று முடிவு செய்தால், முதலில் கூடு, பிறகே கோழி. நாங்கள் அதை மாற்றிச் செய்தோம்.

புதுக்கூடு எழுந்து இரண்டு டிசம்பர்கள் கடந்துவிட்டன. இரவில் ஒன்றையும் இழக்கவில்லை. பகலில் ஒரு குஞ்சைக் கீரி கொண்டுபோயிற்று. அதற்குக் காரணம் என் இளைய மகனின் கிரிக்கெட் ஆட்டம். ஒரு முறை நள்ளிரவில், வேலை முடிந்து வரும்போது, கூட்டின் கூரைமேல் இரண்டு கண்கள் மின்னக் கண்டேன். சீரகச் சம்பாவின் மணமும் வந்தது. கொண்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஆணி செருகியிருந்தது. அது சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மதில்மேல் ஏறிப் பப்பாளி மரத்துக்குத் தாவிவிட்டது.

பஞ்சாரம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. குஞ்சுகளைப் பகலில் அதற்குள்தான் விடுகிறோம். கற்பலகையில் வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் எதிரே என் தாயாரின் பெயர் இருக்கிறது. அவர்களுக்கு எழுதத் தெரியாது. ஆகையால் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் போடுவார்கள். நேற்றைக்குப் பதினொரு கோடுகள் இருந்தன.

பிற ஊர்களில் உள்ள நம் அன்பர்கள் கையாளும் முறைகள் வேறாக இருக்கலாம். மலைப்பகுதியிலும் கடலோரத்திலும் பகைவரும் வேறு, அந்தியும் வேறு. அவற்றை இவ்விதழுக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். இன்று மாலை உங்கள் ஊரில் கதிரவன் எத்தனை மணிக்கு மறைகிறான் என்பதை மட்டும், இதை வாசித்து முடித்தவுடன் ஒரு முறை பார்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.